ஆணிவேரும் சல்லிவேரும் உருவாவதை வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

கொஞ்சம் பச்சைப்பயறு, கொஞ்சம் மக்காச்சோளம் போதும், மருந்து பூசிய விதை வேண்டாம். இரவு முழுக்க ஊறவைத்து, கண்ணாடி டம்ளரின் உட்புறம் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, பேப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே விதைகளைச் செருகுங்கள்; அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றால் பேப்பரே உறிஞ்சிக்கொள்ளும், விதை மூழ்கினால் காற்றில்லாமல் அழுகிவிடும்.

இரண்டிலும் முதலில் எட்டிப்பார்ப்பது முளைவேர்தான். நுனிக்குச் சற்று மேலே வெள்ளையாகப் பஞ்சு போலப் படர்ந்திருப்பவை வேர்த்தூவிகள், பூஞ்சை என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள், செடி தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் அவற்றின் வழியாகத்தான்.

அப்புறம்தான் வித்தியாசம் தெரியும். பயறில் அந்த ஒரே வேர் நீண்டு ஆணிவேராகும், பக்க வேர்கள் அதன் மேல்தோலில் முளைப்பதில்லை, உள்ளேயிருந்து தோலைக் கிழித்துக்கொண்டு வரும் (லென்ஸ் வைத்துப் பாருங்கள், அந்தக் கீறல் அவ்வளவு அழகு). சோளத்திலோ விதையிலிருந்தே இன்னும் சில வேர்கள் கிளம்பும், பிறகு தண்டின் அடிக்கணுக்களிலிருந்து வரும் வேர்கள்தான் சல்லிவேர்த் தொகுப்பாகும்.

சரி, டம்ளரை ஒரு நாள் படுக்கவையுங்கள். நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும். வேர் நுனியை மூடியிருக்கும் வேர்மூடிக்குள் இருக்கும் மாவுமணிகள் கீழே படிவதை வைத்துத்தான் வேர் திசை அறிகிறது. சோளத்தைப் பெரிய தொட்டிக்கு மாற்றி வளர்த்தால் தண்டிலிருந்து அதைத் தாங்கிப்பிடிக்கும் முட்டு வேர்களும் இறங்கும்.