இங்கிலாந்தில் சிறப்புக் கல்வி உதவி: கவுன்சில் கைவிரித்தால்

முதலில் பிரச்சினை எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். பிள்ளையின் தேவைகளை உள்ளூர்க் கவுன்சில் மதிப்பீடு செய்யவோ, இ.எச்.சி. திட்டம் (பிள்ளையின் கல்வி, சுகாதார, பராமரிப்புத் தேவைகளையும் அவற்றுக்கான உதவிகளையும் எழுதிவைக்கும் சட்டபூர்வத் திட்டம்) தரவோ மறுத்தால், அல்லது திட்டத்தின் உள்ளடக்கம் சரியில்லை என்றால், வழி சிறப்புக் கல்வித் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு. தாமதம், திட்டத்தில் எழுதிய உதவியைத் தராதது என்றால் கவுன்சிலிடம் எழுத்தில் முறைப்பாடு. அங்கும் தீராவிட்டால் ஆம்பட்ஸ்மன் (கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அமைப்பு). இதை மாற்றிப் போட்டுத்தான் பலர் மாதக்கணக்கில் இழக்கிறார்கள்.

கோரிக்கை வைத்த 6 வாரத்துக்குள் மதிப்பீடு உண்டா இல்லையா என்று கவுன்சில் சொல்லவேண்டும். 20 வாரத்துக்குள் இறுதித் திட்டம் வரவேண்டும். கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி இல்லை.

மேல்முறையீட்டுக்கு, முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து 2 மாதம், அல்லது சமரசச் சான்றிதழ் (கவுன்சிலுடன் சமரசம் பேசுவது பற்றிச் சமரச ஆலோசகரைத் தொடர்புகொண்டதற்கான சான்று) தேதியிலிருந்து 1 மாதம். எது பிந்தியதோ அது. சமரசம் வேண்டாம் என்றாலும் அந்த 2 மாதத்துக்குள் ஆலோசகரை அழைத்தாகவேண்டும்; சான்றிதழும் வாங்கியாகவேண்டும். பள்ளிப் பெயர் வரும் ஐ பிரிவை மட்டும் எதிர்த்தால் அது தேவையில்லை. கட்டணம் கிடையாது.

திட்டத்தில் உதவிகளைச் சொல்லும் எஃப் பிரிவைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கவேண்டும். ‘தேவைக்கேற்ப உதவி’, ‘வாய்ப்புகள் வழங்கப்படும்’ என்பதெல்லாம் வெறும் காற்று. வாரத்துக்கு எத்தனை தடவை, எத்தனை நிமிடம், என்ன தகுதியுள்ளவர் என்று இருந்தால்தான் பின்னர் பிடித்துக் கேட்கலாம். இறுதித் திட்டத்துக்கு முன் வரும் வரைவுக்குப் பதில் சொல்லக் குறைந்தது 15 நாள் உண்டு. பி பிரிவில் உள்ள ஒவ்வொரு தேவைக்கும் எஃப்-இல் ஓர் உதவி இருக்கிறதா என்று கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். பாதி ஓட்டை அங்கேயே தெரிந்துவிடும்.