வெளிவராத வரலாற்று விளையாட்டின் படங்களைப் படிப்பது எப்படி? மொரிசியஸிலிருந்து ஒரு செய்முறை

புதிதாக ஒரு வரலாற்று வியூக விளையாட்டை அறிவித்தால், கூடவே நான்கைந்து ஸ்க்ரீன்ஷாட்டும் வெளியாகும். போர் லூயியில் இருக்கும் என் அக்கா மகன் உடனே அவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, இது எந்தக் காலம்? நம்ம தீவு இதுல இருக்கா?" என்று கேட்பான். போன விடுமுறையில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டுப் புத்தகமும், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு கணினித் திரையும் போதும்.

படி 1: மூலப் படத்தை எடுங்கள்

வாட்ஸ்அப்பில் வரும் படம் சுருக்கப்பட்டிருக்கும். ஊர்ப் பெயர்கள் குழைந்துபோய்ப் படிக்க முடியாது. விளையாட்டைச் செய்பவர்களின் சொந்தத் தளத்துக்கோ விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் அதன் பக்கத்துக்கோ போய், 1920×1080 அல்லது அதைவிடப் பெரிய அளவில் இறக்குங்கள். முன்னோட்டக் காணொளி மட்டும்தான் இருக்கிறது என்றால், கணினியில் யூடியூபை நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் முற்றுப்புள்ளியை அழுத்துங்கள். ஒவ்வொரு காட்சியாக முன்னே நகரும். காற்புள்ளியை அழுத்தினால் பின்னே போகும். ஒரு நொடியே வந்துபோகும் வரைபடத்தை இப்படித்தான் பிடிக்க வேண்டும். சேமிக்கும்போது கோப்பின் பெயரிலேயே தேதியையும் போட்டுவிடுங்கள்.

படி 2: இது என்ன வகைப் படம்?

மூன்று வகை உண்டு. ஓவியர் வரைந்த கற்பனைப் படம் ஒன்று. விளையாட்டின் உள்ளே எடுத்தது, ஆனால் பட்டன்களை மறைத்து அழகான கோணத்தில் எடுத்தது இன்னொன்று. தேதி, காசு, படை எண்ணிக்கை எல்லாம் ஓரத்தில் தெரிய, விளையாடுபவர் பார்க்கும் திரை மூன்றாவது. நமக்கு வேண்டியது மூன்றாவதுதான். துறைமுகத்தில் கப்பல்கள் மோதும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, கடற்போரை நாமே நடத்தலாம் என்று நண்பர்களிடம் நான் ஒருமுறை உறுதியாகச் சொல்லிவிட்டேன். அது ஓவியம். விளையாட்டில் அப்படி ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தின் மேலும் முதலில் வகையைக் குறித்துவிடுகிறேன்.

படத்தின் மூலையில் 'ப்ரீ ஆல்ஃபா' (இன்னும் முடியாத ஆரம்பகட்டப் பதிப்பு) என்று இருந்தால், ஐகான், நிறம், எண்கள் எல்லாம் மாறக்கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கண்டதை மட்டும் எழுதுங்கள்

பழகுவதற்கு நம் மொரிசியஸ் 100 ரூபாய் நோட்டை எடுங்கள். அதில் தெரிவதை மட்டும் பத்து வரியில் எழுதுங்கள். ஒரு மனிதரின் முகம், கீழே ரெங்கநாதன் சீனிவாசன் என்ற பெயர், ஆங்கிலம், தமிழ், இந்தி என்று மூன்று மொழி எழுத்து, தமிழ் எண். 'இது தமிழரை மதிக்கும் நாடு' என்று எழுதினால் அது கண்டது அல்ல, கருத்து. அதைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டுக்கும் இதே இரண்டு கட்டம்தான்: இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் ஊகம்.

படி 4: தேதியையும் கொடியையும் பாருங்கள்

தேதி பெரும்பாலும் திரையின் மேல் மூலையில் இருக்கும். அதை மறைத்திருந்தால் கொடிகள் உதவும். பிரிட்டிஷ் கொடியில் மூலைக்கு மூலை போகும் சிவப்புச் சாய்கோடுகள் 1801இல் அயர்லாந்து இணைந்தபோதுதான் சேர்ந்தன. பிரான்சின் மூவண்ணக் கொடி இன்றைய வடிவத்துக்கு வந்தது 1794இல். ஆனால் ஒரே கொடியை நூற்றாண்டுக் கணக்காக மாற்றாமல் விட்டுவிடும் விளையாட்டுகளும் உண்டு. அதனால் கொடியை மட்டும் நம்பி முடிவு சொல்லாதீர்கள்.

படி 5: உங்களுக்குத் தெரிந்த மூலைக்குப் போங்கள்

புதியவர்கள் எல்லோரும் முதலில் ஐரோப்பாவைப் பார்ப்பார்கள். அதைப் பார்க்க உலகமே இருக்கிறது. நமக்குத் தெரிந்தது இந்தியப் பெருங்கடலும் சோழமண்டலக் கரையும். அங்கே போங்கள்.

முதலில் நம் தீவு. 1638க்கு முன் இங்கே குடியேற்றம் கிடையாது. அந்த ஆண்டு குடியேறிய டச்சுக்காரர்கள் 1710இல் கைவிட்டுப் போனார்கள். 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்து 'ஈல் தெ பிரான்ஸ்' என்று பெயரிட்டார்கள். 1810 டிசம்பரில் பிரிட்டிஷார் பிடித்த பிறகு மொரிசியஸ் என்ற பழைய பெயர் திரும்பியது. பக்கத்துத் தீவு பூர்போன் என்று இருந்து 1793இல் ரீயூனியன் ஆனது. அப்புறம் பெயர் மாறி மாறி, 1848இல்தான் ரீயூனியன் என்று நிலைத்தது. ஆக, இரண்டு தீவின் பெயர்களே ஒரு கடிகாரம் மாதிரி.

அடுத்து எதிர்க்கரை. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்களிடம் இருந்தது. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்களிடம் இருந்தது. சென்னையை 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து 1749இல் திருப்பிக் கொடுத்தார்கள். சென்னையைப் பிடித்த கப்பல் படை கிளம்பியது நம் தீவிலிருந்துதான். நடத்திப் போனவர், போர் லூயி துறைமுகத்தைப் பார்த்தபடி சிலையாக நிற்கும் பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே. புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களையும் கைவினைஞர்களையும் இங்கே வரவழைத்தவரும் அவரே.

இப்போது ஒரு பயிற்சி. தேதி மறைத்த ஒரு படம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தீவின் மேல் 'ஈல் தெ பிரான்ஸ்' என்று இருக்கிறது. நாகப்பட்டினம் டச்சு நிறத்தில். சென்னை பிரெஞ்சு நிறத்தில். முதல் குறிப்பு 1715க்கும் 1810க்கும் நடுவே நிறுத்துகிறது. இரண்டாவது அதை 1781க்கு முன் தள்ளுகிறது. மூன்றாவது 1746 முதல் 1749 வரை என்று மூன்றே ஆண்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. இதைக் கண்டதும் என் மருமகன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

ஒரு எச்சரிக்கை. இது ஆட்டத்தின் தொடக்கப் படமாக இருந்தால்தான் கணக்கு சரி. பாதி ஆட்டத்தில் எடுத்த படத்தில் சென்னையை யார் வேண்டுமானாலும் பிடித்திருக்கலாம். எல்லைகள் எல்லாம் ஒரே ஆண்டைச் சொன்னால் அநேகமாகத் தொடக்கப் படம். ஒன்றுக்கொன்று முரண்பட்டால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

படி 6: கடலின் நிறம்

நிலத்தைப் பார்ப்பவர்கள் கடலை விட்டுவிடுகிறார்கள். 1810 ஆகஸ்டில் மாயேபூருக்கு எதிரே நடந்த கிராண்ட் போர்ட் சண்டையில் பிரிட்டிஷாரின் நான்கு ஃபிரிகேட் போர்க்கப்பல்களும் போயின. இரண்டு ஆழமில்லாத இடத்தில் தட்டி நின்று, மீட்க முடியாமல் சொந்த மாலுமிகளே கொளுத்திவிட்டார்கள். மற்ற இரண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயின. பீரங்கிக்குச் சமமாக அங்கே சண்டை போட்டது பவளத்திட்டு. அதனால் கரையோரக் கடல் வெளிர் நிறத்தில் தெரிந்தால், கப்பல்கள் அதற்குள் நிற்கின்றனவா, சுற்றிப் போகின்றனவா என்று பல படங்களில் ஒப்பிட்டுக் குறியுங்கள். எல்லாப் படத்திலும் விலகியே நின்றால், ஆழம் விளையாட்டில் பொருட்படுத்தப்படுகிறது என்று ஊகக் கட்டத்தில் எழுதலாம்.

படி 7: தவறு கண்டால் எழுதி அனுப்புங்கள்

வரலாற்று வியூக விளையாட்டுகளைச் செய்யும் பாரடாக்ஸ் நிறுவனம் 2024இல் விளையாட்டின் பெயரைச் சொல்லாமல், 'புராஜெக்ட் சீசர்' என்ற மறைபெயரில் படங்களைக் காட்டத் தொடங்கியது. பிறகு வரைபடங்களைப் பகுதி பகுதியாக வெளியிட்டு, வாசகர்களிடம் திருத்தம் கேட்டு மாற்றவும் செய்தது. அதுதான் 2025 நவம்பர் 4இல் வெளியான யூரோப்பா யூனிவர்சாலிஸ் 5. ஆட்டம் 1337இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மதுரையில் சுல்தானகம் ஏற்பட்டு இரண்டே ஆண்டு. விஜயநகரம் பிறந்து ஓராண்டு. ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் உயிரோடு இருக்கிறார். சோழர் ஆட்சி முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நம் தீவில் மனிதர் யாரும் இல்லை, டோடோ பறவை இருக்கிறது. இப்படிப்பட்ட தொடக்க வரைபடம் ஒன்றில் தஞ்சாவூர் மேல் சோழர் பெயர் தெரிந்தால், அது தவறு என்று நம்மால் உடனே சொல்ல முடியும்.

சொல்லும்போது நான்கு விஷயம் இருக்கட்டும்: எந்தப் படம், படத்தில் எந்த இடம், என்ன தவறு, எந்த ஆண்டுச் சான்று. உணர்ச்சிவசப்பட்ட பத்து வரியைவிட இது வேலை செய்யும். விளையாட்டு வெளிவந்த அன்று, தேதி போட்டுச் சேமித்த பழைய படத்தைத் திறந்து, அதே இடத்தைத் திரையில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலப்பக்கக் கட்டத்தில் சரியானதற்குப் பச்சை மையும் தவறியதற்குச் சிவப்பு மையும் போட்டு, அதே நோட்டில் அடுத்த விளையாட்டுக்கான பக்கத்தைத் தொடங்குங்கள்.