சீனாவில் விளக்குத் திருவிழா பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

சீனத் திருவிழா என்றதும் பலரும் புத்தாண்டு நாளுக்கே டிக்கெட் போடுகிறார்கள். அது வேண்டாம். அன்று எல்லோரும் அவரவர் வீட்டில் குடும்பத்தோடு இருப்பார்கள். சின்னக் கடைகள் பல பூட்டிக் கிடக்கும். வெளியூர்க்காரருக்கு ஏற்றது அதற்கடுத்து வரும் பௌர்ணமி, அதாவது புத்தாண்டின் பதினைந்தாம் நாள். யுவான்சியாவ் என்கிற விளக்குத் திருவிழா அன்றுதான். கொண்டாட்டம் முழுக்கத் தெருவில் நடக்கும்.

எந்த ஊர்? ஃபூஜியன் மாகாணத்துச் சுவான்சோ என்பேன். 1281-இல் தமிழ் வணிகர்கள் தமிழிலேயே கல்வெட்டு வைத்த துறைமுகம் அது.

படி 1: நாள் குறியுங்கள்
2027-இல் இந்தப் பௌர்ணமி பிப்ரவரி 20, சனிக்கிழமை. விளக்குகளை முன்கூட்டியே கட்டிவிடுவார்கள் என்பதால் இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். பழைய நகரில், மேற்குத் தெரு பக்கம் அறை எடுத்தால் எல்லாம் நடக்கிற தூரம்.

படி 2: கிளம்பும் முன்
விசா வாங்கியதும் அலிபே என்கிற பணம் செலுத்தும் செயலியில் உங்கள் கார்டையும் பாஸ்போர்ட்டையும் இணைத்துவிடுங்கள். தெருவோரக் கடையில்கூட க்யூஆர் கோடுதான். கூகுள் மேப் அங்கே உதவாது, ஏமேப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: போய்ச் சேருவது
பக்கத்து நகரமான சியாமெனில் விமானத்திலிருந்து இறங்கி அதிவேக ரயில் பிடியுங்கள், அதிக நேரம் ஆகாது. முன்பதிவு 15 நாள் முன்பு திறக்கும். பாஸ்போர்ட்தான் டிக்கெட், கையிலேயே இருக்கட்டும்.

படி 4: பகலில் கோயில்கள்
முதலில் கைய்யுவான் கோயில். 686-இல் தொடங்கிய பௌத்தக் கோயில் இது. பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போய் இரண்டு கல்தூண்களைத் தேடுங்கள். நரசிம்மரும் கண்ணனும் அவற்றில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள்! இடிந்துபோன சிவன் கோயில் ஒன்றிலிருந்து வந்த கற்கள் என்கிறார்கள்.

அப்புறம் குவான்தி என்கிற போர்த் தெய்வத்தின் கோயில். வாசற்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போங்கள். மக்கள் பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டைத் தரையில் போடுவதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. ஒன்று தட்டையாகவும் மற்றது குவிந்தும் விழுந்தால் சாமி சம்மதித்துவிட்டார். இரண்டிலும் தட்டைப் பக்கம் மேலே இருந்தால் சாமி சிரிக்கிறார், கேள்வியைத் திருத்திக் கேட்கணும். நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பது போலத்தான். கேட்கிறவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

படி 5: திருவிழாவின் இனிப்பு உருண்டை சாப்பிடுங்கள்
வேர்க்கடலை, எள், சர்க்கரை சேர்த்துப் பிடித்த பூரணத்தைத் தண்ணீரில் நனைத்து, ஒட்டரிசி மாவுத் தட்டில் உருட்டுவார்கள். மறுபடி நனைத்து, மறுபடி உருட்டி, கோலிக்குண்டு அளவில் இருந்தது எலுமிச்சை அளவுக்கு வரும். வேகவைத்து வெந்நீரோடு கிண்ணத்தில் தருவார்கள். உள்ளே பூரணம் கொதிக்கும், மெதுவாகக் கடியுங்கள். சைவக்காரர்கள் கவனம்: பூரணத்தில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. "வோ ச்சர் சு" (நான் சைவம்) என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 6: இரவு
இருட்டும் முன்பே தெருவுக்கு வந்துவிடுங்கள். கூட்டம் நெருக்கித் தள்ளும், டாக்சி உள்ளே வராது. கால் வலித்தால் நான்யின் பாட்டு நடக்கிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். மெல்ல நகரும் பழைய இசை, நன்றாகவே ஓய்வெடுக்கலாம்.

படி 7: மறுநாள் காலை
திரும்பும் ரயிலை மாலைக்குப் போட்டுவிட்டு, சுன்பு மீனவக் கிராமத்துக்குப் போங்கள். சிப்பி ஓடுகளால் கட்டிய சுவர்கள். கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைத்த பாட்டிமார். உங்களுக்கும் வைத்துவிடக் கடைகள் உண்டு. பூ, உடை, புகைப்படம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டணம் கேட்கலாம். உட்காரும் முன்பே மொத்தம் எவ்வளவு என்று பேசிவிடுங்கள்.