48 வோல்ட்டும் 12 வோல்ட்டும் சேர்ந்த வயரிங்: ஷார்ட் சர்க்யூட்டுக்கு ஃபியூஸ் போடும் முறை

48 வோல்ட் லித்தியம் பேட்டரி, அதிலிருந்து கன்வெர்ட்டர் வழியாக 12 வோல்ட் பேட்டரி, அதில் விளக்குகளும் பம்பும். இப்படி ஒன்றை நானே வயரிங் செய்தேன். ஒருநாள் 48 வோல்ட் வயர் இரும்புச் சட்டத்தில் உரசி ஷார்ட் ஆனது. ஃபியூஸ் உருகியது, ஆனால் மின்சாரம் நிற்கவில்லை. உள்ளே நீலமாகப் பொறி எரிந்துகொண்டே இருந்து, ஹோல்டர் பிளாஸ்டிக் மெழுகு போல வழிந்தது.

காரணம், ஃபியூஸின் தலையில் பொறித்திருந்த 32 வோல்ட் என்ற எண். நான் ஆம்பியரை மட்டும்தான் பார்த்திருந்தேன். வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடும், பொறி தானாக அணையும். பேட்டரி தரும் டிசியில் அந்த இடைவெளியே கிடையாது. வோல்ட் கூடக்கூட பொறி இன்னும் நீண்ட இடைவெளியைத் தாண்டும். காரில் போடும் பிளேடு ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்கானது. 58 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் எனக்குப் போதாது. 16 செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி முழுச் சார்ஜில் 16 × 3.65, அதாவது 58.4 வோல்ட் காட்டும்.

ஆகவே முதல் வேலை பேட்டரி வாயிலில். உள் மின்தடை செல்லுக்கு 0.25 மில்லிஓம் என்றால் 16 செல்லுக்கு 4. கேபிளும் இணைப்புகளும் இன்னொரு 4 என்று வையுங்கள். பேட்டரியின் பெயரளவு வோல்ட்டான 51.2-ஐ (16 × 3.2) 8 மில்லிஓமால் வகுத்தால் 6,400 ஆம்பியர். அதை அறுக்கும் திறன் ஃபியூஸுக்கு இருக்க வேண்டும். நான் கிளாஸ் டீ ஃபியூஸ்தான் போடுவேன். 125 வோல்ட் டிசியில் 20,000 ஆம்பியர் வரை அறுக்கும் வகை அது. விலை கூடுதல்தான், ஆனால் இந்த இடத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் பொருத்துங்கள். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயருக்குப் பாதுகாப்பே இல்லை.

அடுத்து கன்வெர்ட்டர். 13.8 வோல்ட்டில் 30 ஆம்பியர் தருவது என்றால் 414 வாட். பேட்டரி 44 வோல்ட்டுக்கு இறங்கி, திறன் 90 சதவீதமாக இருக்கும்போது உள்ளே இழுப்பது சுமார் 10.5 ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸ் சரி. அதைவிடக் கூடுதலாகத் தாங்கும் கேபிள் போடுங்கள். கன்வெர்ட்டர் ஐசொலேட்டட் வகையாக, அதாவது இரண்டு பக்கத்துக்கும் நேரடி மின்தொடர்பு இல்லாததாக, இருப்பதே எனக்குப் பிடிக்கும். சாதாரண வகையில் உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் ஷார்ட் ஆகிப் போனால், 48 வோல்ட் நேராக 12 வோல்ட் பக்கம் பாயும்.

இரண்டு பாசிட்டிவ் கேபிள்களையும் வேறுவேறு நிறத்தில், வேறுவேறு குழாயில் கொண்டுபோங்கள். எல்லாம் முடிந்து பேட்டரிகளை இணைக்கும் முன் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு பாசிட்டிவுக்கும் இடையே தொடுங்கள். தொடர்பே காட்டக் கூடாது.

பின்சேர்க்கை: வாசகர் ஒருவர் 12 வோல்ட் பக்க 40 ஆம்பியர் ஃபியூஸைக் கன்வெர்ட்டர் முனையில் போட்டதாக எழுதியிருந்தார். கன்வெர்ட்டர் 30 ஆம்பியருக்கு மேல் தராது, அது ஒருபோதும் அந்த ஃபியூஸை உருக்காது. நடுவில் கேபிள் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டப்போவது 12 வோல்ட் பேட்டரி. அந்த ஃபியூஸை பேட்டரி முனைக்கு மாற்றுங்கள், கேபிளையும் 10 சதுர மி.மீ. ஆக்குங்கள்.