எஞ்சினுக்கு பெயிண்ட் அடிக்கும் முன்

பழைய அம்பாசிடர் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறீர்களா? பிளாக்குக்கு, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சினின் முக்கிய உடலுக்கு, வீட்டிலேயே பெயிண்ட் அடித்துவிடலாம். ஆனால் கழுவுவதற்கே அரை நாள் ஒதுக்குங்கள். மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசி, காய்ந்ததும் தின்னர் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு ஒட்டாமல் போகும்வரை விடாதீர்கள். துளி எண்ணெய் இருந்தாலும் பெயிண்ட் உரிந்துவரும். கேஸ்கெட் (இரு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) உட்காரும் பரப்புகளில் பெயிண்ட் படாமல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், போல்ட் துளைகளில் பழைய போல்ட் மாட்டுங்கள். சாதாரண எனாமல் வேண்டாம். சுமார் 250 டிகிரி செல்சியஸ் தாங்கும் எஞ்சின் எனாமலை வாங்குங்கள். மெல்லிசாக 3 கோட், இடையில் 10 நிமிடம். எஞ்சினின் சூடான புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அது போதாது, 600 டிகிரி தாங்குவதுதான் நிற்கும். தின்னர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பு இருக்கும் பக்கம் இந்த வேலையே வேண்டாம்.