வாக்கிங் போயும் சுகர் குறையவில்லையா?

காலை ஆறு மணிக்குப் பூங்காவில் கூட்டம் நெரியும். ஏழரைக்கு அதில் பாதிப் பேர் எதிரே இருக்கும் டீக்கடையில். நிதானமாக அரை மணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 120 கலோரி செலவாகும். இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் அதை வட்டியோடு திருப்பித் தந்துவிடும்.

நடையின் வேகத்தையும் பாருங்கள். அரசியல் பேசிக்கொண்டே ஆற அமர நடப்பது உலாத்தல். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் கணக்கு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை இப்படி நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதற்காக ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக நடந்து முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வேலை செய்யும் தசை, இன்சுலின் தயவில்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாள் இன்சுலினுக்கு நன்றாக இணங்கும். அப்புறம் பழைய கதைதான். அதனால் சுகர் உள்ளவர்கள் சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் விடக் கூடாது. காலையில்தான் நடக்க வேண்டும் என்றும் இல்லை. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே, ஏறும் சர்க்கரை கொஞ்சம் மட்டுப்படும். மதியச் சோற்றுக்குப் பிறகு நாற்காலியில் சாயும் நம்மவர்களுக்கு இது கசக்கும்தான்.

தசைக்குப் பயிற்சி தருவது ஜிம் பையன்கள் வேலை என்று ஒதுக்குகிறோம். வாரத்தில் இரண்டு நாளாவது அது வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள், தொடை சொல்லும்.

எட்டு போட்ட கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நாள்பட்ட சுகரில் பாதம் மரத்துப்போயிருந்தால், கல் குத்திய காயம் தெரியாமலே புண்ணாகிவிடும். ஷூ போட்டே நடங்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

நடக்க ஆரம்பித்ததும் மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தவறு. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் நாலு மிட்டாய் வைத்திருங்கள்; கை நடுங்கி வியர்த்தால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே வாயில் போடுங்கள்.

நடக்கும்போது நெஞ்சு இறுகினால், வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வாயு என்று சோடா தேட வேண்டாம். அப்படியே உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.