ஐஸை ஆயுசுக்கும் விற்காதீர்கள்: ஆட்-ஆன் விற்பவர்கள் விலையில் செய்யும் தவறுகள்

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. காலை ஏழரைக்கே கீழக்கரையிலிருந்து போன். மெடிக்கல் ஷாப் காக்கா (அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்). "தம்பி, மருந்துக்கெல்லாம் வரி 5 ஆயிருச்சாம்ல. உங்க பில்லுல இன்னும் 12தான் வருது. கடையில ஆளு நிக்கிறாங்க."

அந்த ஆட்-ஆனை அவருக்கு நான் விற்றது 2019இல். விலை 4,500 ரூபாய், ஒரே தடவை. பில்லைத் தமிழில் அச்சடிக்கவும் வரியைப் பிரித்துக் காட்டவும் கடைக் கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரோடு சேர்ந்து ஓட எழுதிய சின்னத் துண்டு அது. வரி விகிதத்தை உள்ளேயே எழுதி வைத்தது என் முட்டாள்தனம், அது தனிக் கதை. மதியத்துக்குள் தொண்டி, மண்டபம், ராமநாதபுரம் என்று வரிசையாக அதே கேள்வி. இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தி ஒவ்வொருவருக்கும் அனுப்பினேன். வரவு பூஜ்யம். யாரையும் குறை சொல்ல வழியில்லை. கொட்டேஷனில் 'லைஃப்டைம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

டேலிக்கு அதன் சொந்த மொழியான டிடிஎல்லில், வெப்சைட் கட்டும் வேர்ட்பிரஸ்ஸுக்கு பிளக்இன், எக்செலுக்கு ஆட்-இன் என்று ஆட்-ஆன் எழுதி விற்கும் தம்பிகள் இப்போது நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். "அண்ணே, சந்தா வைக்கவா, ஒரே தடவை வாங்கிக்கவா?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: விற்று முடித்த பிறகும் இந்தப் பொருளுக்காக நான் செலவழித்துக்கொண்டே இருப்பேனா?

பாம்பனில் படகு வாங்குகிறவர் விலையை ஒரு தடவை கொடுக்கிறார். ஐஸுக்குக் கடலுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் கொடுக்கிறார். ஐஸ் கம்பெனியில் போய், "மொத்தமா ஒரு தொகை தர்றேன், ஆயுசுக்கும் ஐஸ் குடுங்க" என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆட்-ஆன் விற்கும் நாம் அந்த வியாபாரத்தைச் சிரிக்காமல் செய்துகொண்டிருக்கிறோம்.

பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆட்-ஆனை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பின் அதிகாரப்பூர்வமான பிசினஸ் வழியில் போனால், பில் மாதிரி நாமாக அனுப்பும் மெசேஜுக்கு, 2025 ஜூலையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. இதை ஒரே தடவை விலைக்கு விற்றால், கடைக்காரர் வியாபாரம் பெருகப் பெருக உங்களுக்கு நஷ்டம். இது ஐஸ். ரூபாயை எழுத்தில் தமிழாக மாற்றித் தரும் ஆட்-ஆன் வேறு. 'ஆயிரத்து இருநூற்று ஐம்பது' அடுத்த வருடமும் அதேதான். இது படகு, ஒரே தடவை வாங்கிக்கொள்ளலாம்.

சிக்கல் நடுவில் இருப்பவற்றில்தான். பார்க்கப் படகு மாதிரி இருக்கும், உள்ளே ஐஸ் உருகிக்கொண்டிருக்கும். ஜிஎஸ்டி சம்பந்தப்பட்ட எதுவும் இந்த ரகம். பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்து எண் வாங்கும் இ-இன்வாய்ஸை மட்டும் பாருங்கள். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்தது. 2021இல் 100 கோடி, பிறகு 50 கோடி. 2022இல் 20, அப்புறம் 10. 2023 ஆகஸ்டில் 5 கோடி. மூன்று வருடத்துக்குள் எல்லை ஐந்து தடவை இறங்கியது. ஒவ்வொரு தடவையும் நேற்றுவரை அது தேவைப்படாத வாடிக்கையாளர் ஒருவர், "நம்ம ஆட்-ஆன்ல அது வருமா?" என்று கேட்டார். போதாததற்கு 2020 நவம்பரில் டேலியின் பழைய வெர்ஷனான இஆர்பி 9 போய்ப் புதிய டேலிபிரைம் வந்தது. திரையே மாறியதால் பல ஆட்-ஆன்களைத் திருத்தவேண்டி வந்தது. நான் புதிதாக எதையும் விற்கவில்லை. வேலை மட்டும் வந்துகொண்டே இருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் பத்துப் பேருக்கு, ஆளுக்கு 5,000 ரூபாய் என்று விற்கிறீர்கள். மாதம் 50,000. சொந்த ஊரில் இருந்துகொண்டு சம்பாதிக்க நல்ல காசு. விற்ற ஒவ்வொருவரும் மாதத்துக்குப் பதினைந்து நிமிடம் உங்கள் நேரத்தை எடுப்பார் என்று வையுங்கள். பிரின்டர் மாற்றினேன், கம்ப்யூட்டர் மாற்றினேன், பையன் எதையோ அமுக்கிவிட்டான் என்று ஏதாவது இருக்கும். முதல் வருட முடிவில் 120 பேர், மாதம் 30 மணி நேரம். மூன்றாம் வருட முடிவில் 360 பேர், 90 மணி நேரம். நாளைக்கு எட்டு மணி நேரமாக 25 நாள் வேலை செய்தால் மாதம் 200 மணி நேரம். கிட்டத்தட்டப் பாதி, காசு வராத வேலைக்குப் போய்விட்டது. வருமானமோ அதே 50,000. அதுவும் புதிதாகப் பத்துப் பேர் கிடைத்தால்தான். நம் மாவட்டத்தில் டேலி வைத்திருக்கும் கடைகள் எத்தனை இருக்கும் என்று யோசியுங்கள். நாலாவது வருடம் ஆள் தீர்ந்துவிடும், போன் தீராது.

லைஃப்டைம் பணம் நம் கடற்கரையில் மீன் வியாபாரி கொடுக்கும் முன்பணம் மாதிரி. வாங்கும்போது கை நிறைய இருக்கும். வாங்கிய பிறகு பிடிப்பதையெல்லாம் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். முன்பணம் வாங்கிய படகுக்காரருக்குத் தான் கடன்காரர் என்று தெரியும். லைஃப்டைம் விற்ற நமக்குத் தெரிவதில்லை, லாபம் என்று நினைத்துச் செலவழித்துவிடுகிறோம். மூன்று வருடச் சந்தாவை மொத்தமாக வாங்குவதிலும் இதே ஆபத்து உண்டு. அந்தப் பணத்தில் இரண்டு வருடத்துப் பங்கு இன்னும் உங்களுடையது ஆகவில்லை. தனியாக எடுத்து வையுங்கள்.

லைஃப்டைம் விற்றே ஆகவேண்டும் என்றால், யாருடைய ஆயுள் என்று எழுதுங்கள். கடைக்காரருடையதா, கம்ப்யூட்டருடையதா, அந்த வெர்ஷனுடையதா? 'இந்த வெர்ஷனை எத்தனை வருடம் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம், அப்டேட்டும் போன் உதவியும் ஒரு வருடத்துக்கு' என்று பில்லிலேயே ஒரு வரி இருந்திருந்தால் அந்தத் திங்கட்கிழமை எனக்கு வேறு மாதிரி விடிந்திருக்கும். பிளக்இன் போன்றவற்றை விற்கும் கோட்கேன்யன் தளத்தில் விற்பவர்களுக்கு இது பழக்கம்: விலை ஒரே தடவை, அதில் ஆறு மாத சப்போர்ட் அடக்கம், பன்னிரண்டு மாதமாக நீட்ட வேண்டுமானால் கூடுதல் காசு. ஆனாலும் அங்கே அப்டேட் இலவசம் என்பதால் பாரம் முழுதாக இறங்குவதில்லை.

இரண்டு விலையும் வைத்துப் பார்க்கலாம் என்று நானும் ஒரு தடவை முயன்றேன். வருடத்துக்கு 2,000, லைஃப்டைம் 4,500. கணக்குத் தெரிந்த வியாபாரி எதை எடுப்பார்? அத்தனை பேரும் லைஃப்டைம். ஒரு வாடிக்கையாளர் சராசரியாக நான்கு வருடம் நம்மோடு இருப்பார் என்றால், லைஃப்டைம் விலை நான்கு வருடச் சந்தாவுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் நீங்கள் வைத்திருப்பது சந்தா இல்லை, ஏமாளி விலை.

சரி, அப்படியானால் எல்லாவற்றுக்கும் மாதச் சந்தா போட்டுவிடலாமா? அது எதிர்த்திசைத் தவறு. இதில் விழுந்தவர்களும் நிறையப் பேர், ஏனென்றால் ஊரில் உள்ள பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகள் எல்லாம் அப்படிச் செய்கின்றன. மண்டபம் ஊரில் ஒரு ஐஸ் கம்பெனியிலோ கருவாட்டுக் கடையிலோ மாதம் 199 ரூபாய் வசூலிக்கப் போய்ப் பாருங்கள். தானாகப் பிடித்துக்கொள்ளும் வசதி இல்லாமல் இல்லை. யுபிஐ ஆட்டோபே 2020 ஜூலையிலேயே வந்துவிட்டது. ஆனால் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு பிடித்தத்துக்கும் 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். தகவல் வருகிறது, மாதா மாதம். மாதா மாதம் அவர் யோசிக்கிறார்: "இது நமக்குத் தேவையா?" வருடத்துக்கு ஒரு தடவை யோசிக்க வேண்டியதைப் பன்னிரண்டு தடவை யோசிக்க வைக்கிறீர்கள். விதி நல்லதுதான், வாடிக்கையாளரைக் காப்பாற்றுகிறது. விலை வைப்பவர் அதைத் தெரிந்துகொண்டு வைக்க வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு தடவையும் ஓடிபி வேறு. வெளிநாட்டுக்காரருக்கு வேர்ட்பிரஸ் பிளக்இன் விற்பவர் கதை வேறு, அந்தச் சந்தையில் வருடச் சந்தா பழகிப்போன ஒன்று.

மாதச் சந்தாவில் இன்னொரு ஓட்டையும் நம் ஊரில் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும். அதை நம்பியிருக்கும் ஐஸ் கம்பெனி, டீசல் பங்க், வலைக்கடை, பலசரக்குக் கடை எல்லாமே இழுத்துப் பிடித்துத்தான் ஓடும். மே மாதம் உங்கள் பிடித்தம் போனால் கணக்கில் பணம் இருக்காது, திரும்பி வரும். ஜூனிலும் வராது. சாஃப்ட்வேர் பூட்டிக்கொள்ளும். ஜூன் 15 அன்று படகு கிளம்பும் நேரத்தில் பில் போட முடியவில்லை என்றால், அந்த மனிதர் உங்கள் பெயரை எங்கெல்லாம் சொல்லுவார் என்று நினைத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ரினிவல் தேதியை வாங்கிய நாளிலிருந்து கணக்கிடாமல், கடல் வாடிக்கையாளர்களுக்கு எல்லாம் ஆகஸ்டுக்குத் தள்ளிவைத்தார். ராமேஸ்வரம் லாட்ஜ்காரர்களுக்கு ஆடி அமாவாசை முடிந்த வாரம். வசூல் சுலபமானதாகச் சொன்னார். நான் நம்புகிறேன்.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தா முடிந்தால் அப்டேட்டை நிறுத்துங்கள், போன் உதவியை நிறுத்துங்கள், வாட்ஸ்அப் மெசேஜ் மாதிரி உங்கள் கையிலிருந்து காசு போவதை நிறுத்துங்கள். அவர் போட்ட கணக்கை மட்டும் பூட்டாதீர்கள். அது அவருடையது. டேலியே அப்படித்தான் செய்கிறது: நிரந்தர லைசென்ஸ் வாங்கியவருக்கு, அப்டேட்டுக்கான டிஎஸ்எஸ் என்ற சந்தா முடிந்தாலும் கணக்கு எழுதலாம், பார்க்கலாம். புதிய ரிலீஸ் வேண்டுமென்றால்தான் ரினிவல். தாய் சாஃப்ட்வேரே திறந்திருக்கும்போது அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் நம் துண்டு பூட்டிக்கொண்டால் எடுபடாது.

பழைய லைஃப்டைம் ஆட்களை ஒரே ராத்திரியில் சந்தாவுக்கு இழுப்பதுதான் அடுத்த தவறு. பெரிய கம்பெனிகளே இதில் சூடு கண்டிருக்கின்றன. 2013இல் அடோபி, இனி புதிய பதிப்புகள் சந்தாவில்தான் என்றபோது பெரிய எதிர்ப்பு வந்தது. கம்பெனி தாங்கிக்கொண்டது, ஃபோட்டோஷாப்புக்கு அன்று ஈடு குறைவு. நம் ஆட்-ஆனுக்கு ஈடு பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும். 2015இல், புரோகிராம் எழுதுபவர்களுக்கான சாஃப்ட்வேர் விற்கும் ஜெட்பிரெய்ன்ஸ் கம்பெனி சந்தாவுக்கு மாறப்போவதாக அறிவித்துத் திட்டு வாங்கியது. சில வாரத்தில் திட்டத்தைத் திருத்தியது. ஒரு வருடம் தொடர்ந்து சந்தா கட்டியவர், நிறுத்திவிட்டாலும் ஒரு குறிப்பிட்ட வெர்ஷனை என்றைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றது. சின்ன ஆட்-ஆன் விற்பவருக்குப் பொருந்தும் ஏற்பாடு இது என்பது என் எண்ணம். படகுக்குப் படகும் ஆச்சு, ஐஸுக்கு ஐஸும் ஆச்சு.

விலையை இன்னொருவர் கதவு வழியாக மட்டும் வாங்குவதும் ஆபத்துதான். குரோம் வெப் ஸ்டோரில் எக்ஸ்டென்ஷனுக்கு, அதாவது பிரவுசரில் சேரும் ஆட்-ஆனுக்கு, காசு வாங்கும் வசதியை 2021 பிப்ரவரியோடு கூகுள் நிறுத்தியது. அதுவரை அதையே நம்பிச் சந்தா வசூலித்தவர்கள் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் வேறு வழிக்கு மாற்றவேண்டி வந்தது. யார் வாங்கினார்கள், எப்போது முடிகிறது என்ற பட்டியல் உங்கள் கையிலும் இருக்கட்டும், எக்செல் ஷீட் போதும்.

கடைசியாகப் பெயர். 'சப்ஸ்கிரிப்ஷன்' என்றால் நம் கடைக்காரர் முகம் மாறுகிறது. வருடப் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது 'ஏஎம்சி' என்றால் மாறுவதில்லை. ஜெராக்ஸ் மெஷினுக்கும் ஏசிக்கும் அவர் வருடா வருடம் ஏஎம்சி கட்டிப் பழகியவர். அதனால் இப்போது என் கொட்டேஷனில் இரண்டு வரி: ஆட்-ஆன் விலை ஒரே தடவை, அதில் முதல் வருட ஏஎம்சி சேர்ந்தது. இரண்டாம் வருடத்திலிருந்து ஏஎம்சி 1,500. கட்டாதவருக்கு இருப்பது ஓடும், புதிது வராது.

பழைய வாடிக்கையாளர்களுக்கும் இதை எழுதி அனுப்பினேன், பழைய வாக்கு அப்படியே இருக்கும், புதிய வசதிக்கு மட்டும் ஏஎம்சி என்று. பாதிப் பேருக்கு மேல் கட்டிவிட்டார்கள். கீழக்கரை காக்கா இன்னும் கட்டவில்லை. போன வாரம் கூப்பிட்டு, "தம்பி, ஏஎம்சி எல்லாம் அப்புறம் பேசுவோம், இந்த பிரின்டர் ஏன் பாதிப் பேப்பரை விட்டுட்டு அடிக்குது?" என்றார். சொல்லிக் கொடுத்தேன்.